மார்த்தாள் கப்பலின் கதவு

1979 தை மாதம் கல்யாணமாகி, ஒரு டிரங்குப் பெட்டியோடும் தையல் மிஷினோடும் பூவத்திலிருந்து காரைக்காலுக்கு வந்து இறங்கினாள் இருதயமேரி. பழைய வீடு. உயரமான ஜன்னல்கள், காரை பெயர்ந்த சுவர், கொல்லையில் உப்புக் கரிக்கும் கிணறு. எல்லாமே அவளுக்குப் பிடித்திருந்தது, சமையலறைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கதவைத் தவிர.

இரும்பு என்றால் அந்த ஊரில் மார்த்தாள் கப்பல்தான். முதல் உலகப் போரில் அடிபட்ட ‘சேந்த் மார்த்’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் கருக்களாச்சேரிக் கரையில் தரை தட்டி உட்கார்ந்தது. பாதி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதன் பீரங்கிக் குழாயில் வலை காயப்போடுகிறார்கள். மீதிப் பாதி ஊருக்குள் வந்து மார்க்கெட் தூணாகவும் வாய்க்கால் மதகாகவும் மாறிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை.

அவள் புருஷன் மரியசூசை வீட்டுக்கு வந்தது கதவு. கெட்டி இரும்பு, நடுவில் திருகுச் சக்கரம். தினமும் சாயங்காலம் சாப்பிட உட்காருமுன் அவன் அதை மூன்று தட்டு தட்டுவான். காதை வைத்துக் கேட்பான். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு இலைக்கு வருவான்.

“என்னங்க இது?”

“எங்க தாத்தா அந்தக் கப்பல்ல சொல்தாவா, பிரெஞ்சுச் சிப்பாயா இருந்தாரு. தண்ணி ஏறுனப்ப இந்தக் கதவ மூடச் சொன்னாங்க, மூடிட்டாரு. உள்ள கரி அள்ளிப்போடுற நம்ம ஊரு ஆளுங்க இருந்தாங்க. கப்பல் கரை தட்டுன பொறவும் பல நாளு உள்ளேர்ந்து தட்டுனாங்களாம். யாரும் தெறக்கல.” சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். “அதான் தட்டிக் கேக்குறோம். பதில் வரலன்னா சாப்புடலாம்.”

“வந்தா?”

“செபமால சொல்லணும். தெறக்கக் கூடாது. நம்ம வீட்டு ஆளுங்க கொரல்லயே கூப்புடுவாங்க. அப்பவும் தெறக்கக் கூடாது.”

சிரிப்பான் என்று பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்திருக்கிறாள். மரியசூசையின் தங்கை அற்புதம். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோடோ பிரான்சுக்கு ஓடிவிட்டாள் என்று பேச்சு. அவள் பேரை எடுத்தாலே மரியசூசை பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவான். அவமானம் என்றுதான் இருதயமேரி முதலில் நினைத்தாள். பக்கத்து வீட்டு சுல்தான் பீவி கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று அந்த நினைப்பைக் கெடுத்தாள்.

“அவ செருப்பு வாசல்லயே கெடந்துச்சு புள்ள. செருப்பில்லாம யாரு பிரான்சுக்குப் போவா? அந்த மாசம் பூரா ஒங்க வீட்டுப் பக்கம் ஒரே நாத்தம். கேட்டா, கப்பல்ல செத்தவங்க நாத்தம்னு சாம்பிராணி போட்டாரு ஒன் மாப்புள.”

அன்றிலிருந்து இருதயமேரிக்குத் தூக்கம் போயிற்று. பக்கத்தில் படுத்திருப்பவனின் கைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அன்பானவன்தான். பூ வாங்கி வருவான், கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தருவான். அதுவும் இப்போது நடிப்பாகத் தெரிந்தது. இவன் கொலைகாரனா இல்லையா என்று தெரியாமல் இவனோடு குடித்தனம் நடத்த முடியாது.

ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகாமல் நின்றுகொண்டாள். அவன் தெரு திரும்பியதும் சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு சக்கரத்தைத் திருகினாள். கதவு நகர்ந்தது.

துரு வாடை. நனைந்த கரி வாடை. ஜன்னல் இல்லாத சின்ன அறை.

உள்ளே போய்க் கதவின் பின்பக்கம் விளக்கைக் காட்டினாள். அந்தப் பக்கம் சக்கரமே இல்லை. கையெட்டும் உயரத்தில் பெயிண்ட் சுரண்டப்பட்டுக் கோடு கோடாக இருந்தது.

கோடுகளுக்குக் கீழே ஒரு பச்சைத் தாவணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

உள்ளே எலும்புதான் மிச்சம். விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது.

வாசல் கேட் கிறீச்சிட்டது. “மேரி, மாத்தர வாங்கியாந்துட்டேன். பூச பாதியிலயே வந்துட்டேன்.”

இருதயமேரி விளக்கை ஊதி அணைத்தாள். கதவுக்குப் பின்னால் ஒண்டி, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கொலைகாரன் தன்னைப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது அவளுக்குத் தோன்றியது.

காலடி சமையலறைக்கு வந்து நின்றது.

“ஏசுவே...” என்றான். “மறுபடியும் தெறந்துட்டாங்களே.”

உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் முழுப் பலத்தோடு கதவை இழுத்துச் சாத்தினான். சக்கரம் சுற்றியது.

இருட்டு.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு கைகளாலும் கதவில் அறைந்தாள். “ஏங்க, நான்தாங்க. மேரிங்க. தெறங்க.”

வெளியே மரியசூசை அழுதான். “அன்னைக்கும் இப்புடித்தான் கதவு தெறந்து கெடந்துச்சு. மூடுனதும் அற்புதம் கொரல்ல கூப்புட்டீங்க. அண்ணே அண்ணேன்னு கதறுனீங்க. நான் தெறந்தேனா? இப்ப எம் பொண்டாட்டி கொரலும் வந்துருச்சா ஒங்களுக்கு?”

“அது அற்புதமேதாங்க. இங்கதான் இருக்கா. சத்தியமா நான் மேரிங்க.”

அவன் முழங்கால் போடும் சத்தம் கேட்டது. மணிகள் உரசின. அருள் நிறைந்த மரியாயே என்று ஆரம்பித்து, பாதி மந்திரத்தைச் சொல்லி, மற்றவர்கள் பதிலாகச் சொல்லவேண்டிய மீதிப் பாதிக்காக நிறுத்தினான்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

தரையோரம், தாவணி கிடந்த இடத்திலிருந்து ஒரு இளம்பெண்ணின் குரல் மீதிப் பாதியைச் சொன்னது.

அவன் அடுத்த மணிக்குப் போனான். இந்த முறை பதில் சொன்ன பெண்ணோடு ஆண் குரல்களும் சேர்ந்துகொண்டன. சின்ன அறைதான், ஆனால் குரல்கள் வெகுதூரம் பின்னால் வரை வரிசையாக நின்றன.

இருதயமேரியின் கணுக்காலில் ஜில்லென்று தண்ணீர் பட்டது.