என்னத்தக் கிழிச்ச?

கதவின் மேல்பாதி முதலில் திறந்தது. கீழ்ப்பாதி மூடியபடியே நின்று, கண் இமைக்கும் நேரம் கழித்து, போனால் போகிறது என்பதுபோல் தானும் திறந்துகொண்டது. விளையாட்டுக்குள் இருக்கும் கதவுதான். ஆனாலும் திரையின் குறுக்கே ஓடும் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணனுக்கு வயிறு எரிந்தது. விலை மலிவு என்று வாங்கிய மானிட்டர். வேகமாகத் திரும்பினால் படம் இரண்டாகக் கிழியும். செட்டிங்ஸில் வி-சிங்க் என்ற வசதியைப் போட்டால் கிழிசல் நிற்கும், திக்கல் தொடங்கும். ஓடுகிற ஆள் நின்று, விக்கி, மறுபடி ஓடுவான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் அறை. அவனுக்கு விளையாடக் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான். இப்போது ஒரு பெரிய கேமிங் குழு அவனுக்கு மானிட்டரே அனுப்பிவைத்து, நாளைக்குத் தேர்வு ஆட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தது.

“அவன் நாளைக்கு செலக்‌ஷனுக்குப் போறான். நீ அந்த ரூம்லயே உக்காந்து என்னத்தக் கிழிச்ச?” என்று அம்மா துணி மடித்தபடி கேட்டாள்.

“திரையத்தான்” என்றான். அம்மாவுக்குப் புரியவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

மானிட்டர் விற்ற கடைக்காரர் போனில் விளக்கினார். “அதுல குறை ஒண்ணும் இல்லப்பா. கம்ப்யூட்டரும் திரையும் ஒரே தாளத்துல போகணும். பெட்டியில வந்த கேபிள்ல அது வராது. நல்ல கேபிளா மாத்திப் பாரு.”

நல்ல கேபிள் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து அவனுடைய மேசைக்கு அடியில் புகுந்தான். திருட்டு இல்லை, மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். தன்னுடைய கேபிளை அங்கே சொருகும்போது வாய் தானாக முணுமுணுத்தது.

“அவனுக்கும் கொஞ்சம் கிழியட்டுமே.”

தன் அறைக்கு வந்து விளையாட்டைத் திறந்தான். அதே கதவு முழுசாகத் திறந்தது. திரும்பினான், ஓடினான், குதித்தான். ஒரு கோடு இல்லை, ஒரு விக்கல் இல்லை. இத்தனை நாள் இந்தச் சுகத்தைத் தம்பி மட்டும் அனுபவித்திருக்கிறான் என்று நினைத்தபோது, செய்தது சரிதான் என்றே பட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை இறங்கியது. சூடேறிய பிளாஸ்டிக் வாசம் அறையில் மெல்லப் பரவியது. தம்பி வந்து உட்காரும் சத்தம் கேட்டது. இனி திட்டத் தொடங்குவான் என்று அண்ணன் ஒரு காதைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

திட்டு வரவில்லை. நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் வந்தது. மறுபடி அதே உருளல், அதே கிறீச்சு. தம்பி இருமினான். பிறகு அந்த இருமலின் பின்பாதி மட்டும் தனியாகக் கேட்டது.

“டேய், என்னடா?”

“ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணுமில்லண்ணா.”

விளையாட்டுக்குப் பண்ணுகிறான். கேபிள் மாறியதைக் கண்டுபிடித்துவிட்டான், அதற்குத்தான் இந்தக் கேலி. அண்ணன் திரையைப் பார்த்தான். படம் வழுக்கிக்கொண்டு போனது. கேபிளைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.

அது முடிவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

“அண்ணா, என் கேபி... என் கேபி...”

திரும்பினான்.

தம்பியின் முகம். தோள். நீட்டிய கை. எல்லாம் அறைக்குள் வந்துவிட்டன. இடுப்பில் ஒரு நேர்க்கோடு. அதற்குக் கீழே தரை தெரிந்தது.

அண்ணனின் கை கேபிளைத் தேடிப் பிடித்தது. பிடுங்கவில்லை. பிடுங்கினால் எந்தப் பாதி நிற்கும்? எது போகும்?

“சாப்பிடக் கூப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு!” சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். “ரெண்டு பேரும் அங்க என்னத்தக் கிழிச்சிட்டு இருக்கீங்க?”

நீட்டிய கைக்குப் பின்னால், கூடத்தின் ஓரத்தில், தம்பியின் கால்கள் அவன் அறை வாசலிலேயே நின்றன. நின்று, விக்கி, அப்போதுதான் முதல் அடியை எடுத்து வைத்தன.