நாலு கட்டில் அறைக்கு எத்தனை சதவீதம்?

செண்பகவல்லி குடும்பத்துக்கு ஊர்ச்செவி போட்ட உதவி, சுத்தமாகப் பூஜ்ஜியம்.

"நாலு கட்டில் அறை வருசத்துக்கு எண்பதாயிரம், ரெண்டு கட்டில்னா ஒன்றரை லட்சம். உதவி இல்லேன்னா நாலு கட்டிலுக்கே வழி இல்லம்மா" என்றாள் மகள் மிதுனா. கோயம்புத்தூர் கல்லூரியில் இடம் கிடைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் விடுதி அறை எடுக்காவிட்டால் அதுவும் போச்சு.

வருமானச் சான்றிதழ்களில் பாதி பொய் என்று தெரிந்ததும் அரசு காகிதத்தைக் கைவிட்டுத் தெருக் கம்பந்தோறும் ஊர்ச்செவி என்ற ஒட்டுக்கேட்கும் பெட்டியை மாட்டிவிட்டது. ஒரு வீட்டு வசதி அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலா இருக்கும்? தெருப்பேச்சைக் கேட்டு, விடுதிச் செலவில் எவ்வளவு தரலாம் என்று அது சொல்லிவிடும். நல்ல கருவிதான். செண்பகம்தான் பத்து வருசமாகப் பெருமை அளந்துகொண்டிருந்தாள். தீப்பெட்டி லாரி ஓட்டும் கணவரைக் 'கம்பெனி பார்ட்னர் மாதிரி' என்பாள். கவரிங் வளையலைக் குலுக்கிக் காட்டுவாள். கோவில்பட்டியில் பாதி நம்பியது.

திங்கட்கிழமை, தண்ணீர் லாரி வரிசையில் பெருமையைக் கழற்றி வைத்தாள்.

"ராஜாமணி மதினி, இந்த வளையல் அத்தனையும் கவரிங். போன மாசம் கேஸ் சிலிண்டருக்கே கைமாத்து."

"அது எனக்கு அப்பவே தெரியும்ல" என்றாள் எதிர்வீட்டு ராஜாமணி. "வெளிய சொல்லி உன் மானத்த வாங்குவானேன்னு இருந்துட்டேன்."

புதன்கிழமைக்குள் செய்தி நாலு தெரு சுற்றியது. உதவி எழுபது சதவீதம் ஆனது. செண்பகம் அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை ராஜாமணி சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினோராயிரம் வசூலித்து, ஒரு வாளியும் மெத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தாள். 'செண்பகம் மகளுக்கு நாங்க இருக்கோம்' என்பதுதான் தெரு முழுக்கப் பேச்சு.

வெள்ளி மதியம் மிதுனாவின் கைப்பேசி சொன்னது: 'உதவி பத்து சதவீதம். காரணம்: துணைநிற்கும் வீடுகள் இருபத்திரண்டு.'

வந்தது பதினோராயிரம். போனது நாற்பத்தெட்டாயிரம். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்தப் பேச்சை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

நாலரை மணிக்கு ராஜாமணி ஒரு போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "கோயம்புத்தூர்ல குளிரும். புள்ளைக்கு வச்சுக்க."

செண்பகம் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். வாசலுக்கு இறங்கினாள். தொண்டையைத் திறந்தாள்.

"உன் போர்வைய யாரு கேட்டா? புருசன் விட்டுட்டு ஓடுனவ வீட்டுத் துணிய என் மக போர்த்தணுமா? நீங்க எல்லாரும் போட்ட பிச்சைக் காசையும் அள்ளிட்டுப் போங்க!"

ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். ராஜாமணி போர்வையை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு இன்னொன்று.

நிலைப்படிக்குள்ளிருந்து மிதுனாவின் குரல், அழுகையில் நனைந்து, மெதுவாக வந்தது.

"முப்பது சதவீதம்மா... இன்னும் கொஞ்சம் பேசு."