ஓர்ஃபாவுக்குக் குளிரவில்லை

திங்கட்கிழமை துவைத்துப் போட்ட உடை வியாழக்கிழமையும் காயவில்லை.

டெஸ்ஸா அதை வெந்நீர்க் குழாயின் மேலேயே மாட்டியிருந்தாள். வரலாற்றுச் சங்கத்தின் அலுவலகம் ஒரு நிலவறை. அங்கே சூடு என்று சொல்ல இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். அதன் மேல் ஒரு செய்தித்தாளை வைத்தால் மறுநாள் மஞ்சளாகிச் சுருண்டிருக்கும். ஆனால் இந்தச் சாம்பல் நிற உடையின் கைகளிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டிய இடத்தில் சிமெண்ட் தரை கறுத்துக் கிடந்தது. பழைய காலத்துக் காரச் சோப்பின் நெடி மூக்கில் ஏறியது. அவள் போட்டதோ கடையில் வாங்கிய லாவெண்டர் வாசனைத் தூள். பாவாடையின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தாள். துணி மடங்கவில்லை. அட்டை மாதிரி விறைத்து நின்றது.

தைத்துக் கொடுத்த பெண்கள் மட்டமான துணியை வாங்கிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே அவள் அறிவிப்புப் பலகைக்குத் திரும்பினாள். இலையுதிர்கால நிகழ்ச்சிகள் எல்லாம் அவள் கையால் ஒட்டியவை. பழைய தானியக் கொட்டகைகளைப் பற்றி ஒரு பேச்சு. ஆப்பிள் கூழைச் சுண்டக் காய்ச்சும் நாள். வீட்டிலிருக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகளைக் கொண்டுவந்து காட்டும் நாள். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், சனிக்கிழமை மாலை விளக்கு உலா.

ஆண்டு முழுக்கச் சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட விளக்கு உலாவுக்கு வந்துவிடுவார்கள். சங்கத்து ஆட்கள் இறந்துபோனவர்களைப் போல உடுத்திக்கொண்டு அவரவர் கல்லறையருகே நின்று ‘நான்’ என்று பேசுவார்கள். லாந்தர் பிடித்த வழிகாட்டி கூட்டம் கூட்டமாக அழைத்து வருவார். வங்கிக்காரர் பேசுவார். நீதிபதி பேசுவார். நீதிபதியின் இரண்டாம் மனைவியும் பேசுவாள். உயிரோடு இருந்தபோது யார் வாய் ஓங்கியிருந்ததோ அவர்களே செத்த பிறகும் ஊரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலையில், வேலியை ஒட்டி, எண் மட்டும் பொறித்த சிமெண்ட் கட்டைகள் புல்லில் புதைந்து கிடந்தன. கவுண்டி நிர்வாகம் நடத்திய ஏழை விடுதியில் செத்தவர்கள். போக்கிடம் இல்லாதவர்களையும், கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர்களையும் கொண்டுபோய் அடைத்து, சாகும்வரை வேலை வாங்கிய விடுதி அது. அந்த மூலையிலிருந்து ஒருத்தியாவது பேசியாக வேண்டும் என்று டெஸ்ஸா வசந்தகாலம் முழுக்கச் சண்டை போட்டாள். ஜெயித்தாள். பேசப்போகிறவள் ஓர்ஃபா. விடுதியின் துணி முழுவதையும் துவைத்தவள்.

ஜெயித்ததற்கு விலை இருந்தது. சங்கத்தின் தலைவி மிஸஸ் ஹாஸ்கெட். அந்த விடுதியை ஆண்ட மேட்ரன் அவருடைய கொள்ளுப்பாட்டி. டெஸ்ஸா முதலில் எழுதிய வசனத்தில் ஓர்ஃபா எப்படிச் செத்தாள் என்பது இருந்தது. மிஸஸ் ஹாஸ்கெட் அந்தப் பத்தியின் மேல் பென்சிலை மெதுவாக ஓட்டினார்.

“டெஸ்ஸா கண்ணு, சான்று இல்லாத எதையும் நாம பேசுறதில்ல. சலவைக்காரிங்க வம்பெல்லாம் வரலாறாயிடுமா? குழந்தைங்களோட வர்றாங்க. முடிக்கறப்ப மனசுக்கு இதமா ஒரு வரி வையேன்.”

டெஸ்ஸா வைத்தாள். ‘இங்கே எல்லோரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் குளிரவே இல்லை.’ அந்த வரிக்கு மட்டும் எந்தச் சான்று இருந்தது? மிஸஸ் ஹாஸ்கெட் கேட்கவில்லை. டெஸ்ஸாவும் கேட்கவில்லை. அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மேசையும் நாற்காலியும் போட்டு உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருப்பவளும் அவள் ஒருத்திதான். நிர்வாகக் குழு திங்கட்கிழமை கூடுகிறது. அவள் பதவிக்கு முன்னால் இருக்கும் ‘தற்காலிக’ என்ற சொல்லை எடுப்பதா, அவளையே எடுப்பதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அன்று மாலை உடையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அம்மாவிடம் கொண்டுபோனாள். ஏழை விடுதியை இடித்த இடத்தில் இப்போது முதியோர் இல்லம் இருக்கிறது. அம்மா டார்லீன் அதன் சலவை அறையில் வேலை செய்கிறாள். பெரிய உலர்த்தும் எந்திரத்தில் உடையைப் போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். இரண்டாம் முறை ஓட்டி நின்றதும் டார்லீன் கையை உள்ளே விட்டாள், உடனே இழுத்துக்கொண்டாள்.

“என்னடி இது, ரெண்டாவது தடவ ஓட்டியாச்சு. ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கு. யாரு துணி?”

“உலாவுக்கும்மா. ஓர்ஃபா போடுறது.”

டார்லீன் கையை மேலங்கியில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். சலவை அறைக்கு வேலைக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும் முதல் வாரமே சொல்லப்படும் கதை ஓர்ஃபாவுடையது. டெஸ்ஸா சோறு தின்னும் வயதிலிருந்து கேட்டது. ஒரு ஜனவரி மாலை, எதற்கோ கோபப்பட்டு, மேட்ரன் ஓர்ஃபாவை ஈரப் படுக்கைவிரிப்புகள் நிறைந்த கூடையோடு முற்றத்துக்கு அனுப்பிவிட்டு உள்பக்கம் தாழ் போட்டாள். ஓர்ஃபா கதவைத் தட்டினாள். தட்டி ஓய்ந்து, குளிர் பொறுக்காமல், கொடியில் போட்ட விரிப்புகளையே இழுத்துச் சுற்றிக்கொண்டாள். அவையும் ஈரம். விடிந்ததும் அவளையும் விரிப்பையும் பிரிக்க முடியவில்லை, அப்படியே புதைத்தார்கள். கொடியில் மிச்சமிருந்த விரிப்புகள் விறைத்துப்போய்க் காற்றில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தனவாம், பலகைமேல் பலகை விழும் சத்தத்தோடு. இன்றைக்கும் அங்கே யாரும் வெளியில் துணி காயப்போடுவதில்லை.

“முடிக்கறப்ப என்ன சொல்றா?” என்று டார்லீன் கேட்டாள்.

டெஸ்ஸா சொன்னாள்.

டார்லீன் உடையை எந்திரத்திலிருந்து உருவிப் பைக்குள் திணித்தாள்.

“இதச் சொல்ல வைக்கவா அவள எழுப்பினீங்க?”

“ம்மா, எனக்கு அந்த வேல வேணுமா வேணாமா?”

“நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா” என்றாள் அம்மா. வைததாகவும் இல்லை, ஏற்றுக்கொண்டதாகவும் இல்லை. பையின் வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. ஓர்ஃபாவாக நிற்க ஒப்புக்கொண்டவள் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் ஜோலீன். ஈரத் துணியா என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். அன்று அக்டோபரிலும் வேர்த்தது. வழிகாட்டி வெண்டல், ஓய்வுபெற்ற தபால்காரர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். ஜோலீன் அழகாகப் பேசினாள். கடைசி வரியைச் சொன்னபோது அவள் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சுப் புகை வந்தது. அவள் வாயிலிருந்து மட்டும்.

“என்ன டீச்சரம்மா, திருட்டு சிகரெட்டா?” என்றார் வெண்டல். எல்லோரும் சிரித்தார்கள். ஜோலீன் சிரிக்கவில்லை. விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பல் கிட்டிப் பேசினாள்.

“கை சூடேறவே மாட்டேங்குது டெஸ்ஸா. அடுப்புக்கிட்டயே வச்சிருக்கேன். தோலு வெந்துடுச்சு, ஆனா சுடல. என்ன விட்டுடு.”

உலாவில் ஓர்ஃபா பேசும் நிறுத்தத்தையே எடுத்துவிடலாம் என்று டெஸ்ஸா மிஸஸ் ஹாஸ்கெட்டிடம் சொல்லிப் பார்த்தாள். சீட்டு விற்றாயிற்று, வரைபடம் அச்சாகிவிட்டது, குழுவினர் எல்லோரும் வருகிறார்கள் என்றார் அவர். பிறகு, “நீயே போட்டுக்கோயேன். உன்னோட ஆளுதானே அவ” என்றார்.

பொழுது சாயும் நேரத்தில், கல்லறைத் தோட்டத்துக் கருவிக் கொட்டகையில், டெஸ்ஸா பையைப் பிரித்தாள்.

உடை காய்ந்திருந்தது.

காய்ந்து, இப்போதுதான் தேய்த்து மடித்தது போல வெதுவெதுப்பாக இருந்தது. போட்டுக்கொண்டபோது யாரோ கம்பளியால் போர்த்தியது போலச் சூடு தோள்வரை பரவியது. துணியில் குறையே இல்லை, எல்லாம் மனப்பிராந்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வடக்கு மூலைக்கு நடந்தாள். காய்ந்த மேப்பிள் இலைகள் காலடியில் நொறுங்கின. வாசலருகே போட்டிருந்த பந்தலிலிருந்து இலவங்கப்பட்டை போட்டுக் காய்ச்சிய ஆப்பிள் சாற்றின் மணம் வந்தது. வேலிக்கு அப்பால், முதியோர் இல்லத்தின் பின்முற்றத்தில், துணிக்கொடி கட்டாத இரும்புக் கம்பங்கள் இரண்டு, கடைசி வெளிச்சத்தில் சிலுவைகளைப் போல நின்றன.

முதல் கூட்டம் வந்தது. அவள் பேசினாள். விடுதி, துணி, தொட்டி, காரச் சோப்பு தின்ற விரல்கள். எல்லாம் உண்மை. பிறகு அந்த வரி. சொல்லி முடித்ததும் கணுக்காலில் சில்லென்று ஏதோ பட்டது. பனி இறங்குகிறது என்று நினைத்தாள்.

இரண்டாவது கூட்டம். அந்த வரி. ஈரம் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறியது. காரச் சோப்பின் நெடி. கூட்டம் நகர்ந்த பிறகு, வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

பலகைமேல் பலகை.

காற்று இல்லை. இலை ஒன்றுகூட அசையவில்லை. கம்பங்களுக்கு நடுவே வெறும் இருட்டு. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பார்வையை எடுத்தால் அங்கே ஏதோ வந்துவிடும் என்று தோன்றியது. அப்போதுதான் முடிவு செய்தாள்: அடுத்த கூட்டத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுவது. திங்கட்கிழமை என்ன ஆனாலும் ஆகட்டும்.

கடைசிக் கூட்டம் வந்தது. லாந்தர் வெளிச்சம் கண்ணில் அடித்ததால் முகங்கள் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே போய், நடுவில் நிறுத்தி, மூச்சிழுத்து, “அன்றைக்குக் கதவு உள்பக்கமிருந்து தாழிட்டிருந்தது” என்றாள்.

உடை வெதுவெதுப்பானது. உடனே. இடுப்பிலிருந்த ஈரம் இறங்கியது. முதுகில் இரண்டு உள்ளங்கைகள் அகலமாக, நன்றியோடு, பதிந்தது போல இருந்தது.

வெண்டல் லாந்தரைத் தாழ்த்தினார். முன்வரிசையில் மிஸஸ் ஹாஸ்கெட். பக்கத்தில் குழுவினர். அவர் கோபப்படவில்லை. புருவத்தை லேசாக உயர்த்தினார், அவ்வளவுதான். தவறு செய்யப்போகும் வேலைக்காரியைப் பார்ப்பது போல.

டெஸ்ஸாவுக்கு மேசை ஞாபகம் வந்தது. நாற்காலி. அம்மாவின் வெடித்த கைகள்.

“காற்று பலமாக இருந்ததால்” என்று தொடர்ந்தாள். “இங்கே எல்லோரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் குளிரவே இல்லை.”

முதுகிலிருந்த கைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

கைதட்டினார்கள். மிஸஸ் ஹாஸ்கெட் நெருங்கி வந்து, “பிரமாதம் கண்ணு. திங்கக்கிழமையப் பத்திக் கவலைப்படாத” என்றார். கூட்டம் பந்தலுக்குப் போனது. வெண்டல் மட்டும் திரும்பினார்.

“வா பொண்ணே, சாறு ஆறிடப் போகுது.”

காலை எடுக்க முடியவில்லை, லாந்தரைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“எனக்குக் குளிரவே இல்லை” என்றது வாய்.

வெண்டல் சிரித்தார். “இன்னும் வேஷத்துலயே இருக்கா பாரு.” லாந்தர் ஆடிக்கொண்டே தூரப் போனது.

அவள் குனிந்து பார்த்தாள். பாவாடை விளிம்பு புல்லோடு ஒட்டியிருந்தது. வெள்ளையாக. உறைந்து. இழுத்தாள். துணி மொறுக்கென்றது. விரல்களில் உணர்வே இல்லை.

வேலிப்பக்கம் சத்தம்.

டக்.

கம்பங்களுக்கு நடுவே இப்போது ஏதோ வெள்ளையாக இருந்தது.

டக்.

வேலிக்கு இந்தப் பக்கம்.

ஒரு விரிப்பு. மடிப்பு கலையாத, விறைத்த விரிப்பு. நிமிர்ந்து நின்றது. நகரும்போது அதன் விளிம்புகள் மோதிக்கொண்டன. உள்ளே ஓர் ஆள் உயரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் துணி உள்வாங்கியிருந்தது, நனைந்த துணி வாயில் ஒட்டுவது போல.

அம்மா என்று கத்தினாள்.

“எனக்குக் குளிரவே இல்லை.”

அது எதிரே வந்து நின்றது. கேட்டது. பொறுமையாக. இன்னொரு முறை சொல், இந்த முறையாவது சரியாகச் சொல் என்பது போல.

தாழிட்டார்கள். தட்டினாள். செத்தாள். எல்லாம் அவளுக்குத் தெரியும். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

“எனக்குக் குளிரவே இல்லை.”

விரிப்பின் ஓரம் மெல்ல விலகியது. உள்ளே இடம் இருந்தது. அது அவளை முதலில் தோளில் சுற்றியது, பிறகு மார்பில், தூங்கும் பிள்ளையைப் போர்த்துவது போல நிதானமாக, இடுக்கு விடாமல்.

பந்தலில் விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மிஸஸ் ஹாஸ்கெட் இந்தப் பக்கம் திரும்பி, இருட்டில் வெள்ளையாக நிற்பவளைப் பார்த்து, கையிலிருந்த கோப்பையைப் பாராட்டாக உயர்த்தினார்.

டெஸ்ஸாவின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சுப் புகை மெலிந்தது. பிறகு நின்றது.

வாய் நிற்கவில்லை.