விலாசத்தில் விஷம்

"ஐயோ... டாக்டர்!"

நர்ஸ் இந்து போட்ட அலறலில் உத்திரமேரூரின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியே குலுங்கியது.

கட்டிலில் சாலவாக்கம் வேதாசலம். மண்வெட்டி பட்ட கால் காயத்துக்கு வந்தவர்... பென்சிலின் ஊசி இறங்கிய கொஞ்ச நேரத்தில் பிணம்!

"அவருக்குப் பென்சிலின் ஆவாதுன்னு போன தபாவே கம்ப்யூட்டர்ல ஏத்திக்கீது மேடம். செவப்பு எழுத்துல வரணும். இன்னிக்கு வரவேயில்ல!" விசாரிக்க வந்த போலீஸிடம் விம்மினாள் இந்து.

இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரியா கம்ப்யூட்டரைக் குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது.

காலையில் வேதாசலம் பெயரில் யாரோ ஆன்லைனில் டோக்கன் போட்டிருக்கிறார்கள். விலாசக் கட்டத்தில் விலாசத்துக்குப் பதில் கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் புரோகிராம் கோடு! ஆஸ்பத்திரியில் பக்கத்தைத் திறந்ததும் அது ஓடி, சிவப்பு எழுத்தை விழுங்கிவிட்டது.

அந்த சாஃப்ட்வேரை எழுதியவன் தமிழரசன். செத்தவரின் தம்பி மகன். வந்தவன் கூலிங் கிளாஸைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

"இன்னாப்பா... எவனோ விலாசத்துல கோடு எழுதினா, உன் சாஃப்ட்வேர் அத்த ஓட்டிருமா?"

"உங்களுக்கெல்லாம் புரியாது மேடம்." உதட்டைப் பிதுக்கினான். "வெளியேர்ந்து வர்றத வெறும் எழுத்தா மாத்திக் காட்டணும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாமளே செய்யணும். ஒண்ண மறந்துட்டேன். மனுஷன்தானே?"

"ஓ... மறதி!"

"தப்பு என்னுது இல்ல. புரோகிராம் எழுதுற லாங்குவேஜே அத்த தானா செய்யணும். செய்யாம வுட்டானுங்களே, அந்த முட்டாப்பசங்களப் போய்ப் புடிங்க!"

ஜெயப்பிரியா சிரித்தாள்.

"அதே கோடை நான் பேர் கட்டத்துல போட்டுப் பாத்தேன். வெறும் எழுத்தாத்தான் வந்துச்சு. வயசு, ஊரு, போனு... எல்லாத்துலயும் அப்டியேதான். உன் லாங்குவேஜ் அத்த தானாவே பண்ணிக்கினு கீது தமிழு!"

"மே... மேடம்..."

"சைபர் செல்லுல கேட்டேன். அத்த நிறுத்தணும்னா வேலமெனக்கெட்டு ஒரு வார்த்த எழுதணுமாம். விலாசத்துக்கு மட்டும் நேத்து நீ எழுதிக்கீற! செய்ய மறப்பாங்க... மறந்துபோய் எவனாவது எழுதுவானா? அதுவும் ஏரிக்கரை நிலத்த விக்கமாட்டேன்னு பெரியப்பா அடம்புடிக்கிற நேரத்துல?"

கூலிங் கிளாஸுக்குக் கீழே வியர்வை வழிந்தது.

சட்டென்று நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தான் தமிழரசன்! கான்ஸ்டபிள் முனியனின் முரட்டுக் கை அவன் காலரைக் கவ்வியது.

ஜெயப்பிரியா தொப்பியை எடுத்து மாட்டினாள்.

"லாங்குவேஜ் செய்ற அந்த வேலைக்கு 'எஸ்கேப்'னு பேராம்டா. அதுக்கு நல்லா வருது... உனக்குத்தான் வரல!"