மங்கல் வெளிச்சத்தில் பிரம்பு நாற்காலி

படத்தில் எல்லாமே துல்லியமாக விழுந்திருந்தது. திரைச்சீலையின் மடிப்பு, மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குவளை, சுவரில் காரை பெயர்ந்த இடம், தரைக்கல்லில் ஓடிய கீறல்கூட. பிரம்பு நாற்காலி மட்டும் கலங்கியிருந்தது.

அவன் காமிராவின் சின்னத் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நாற்காலியின் கால்கள் தெளிவு. கைப்பிடிகள் தெளிவு. உட்காரும் இடத்துக்கு மேலே மட்டும், யாரோ ஈரக் கையால் துடைத்துவிட்டதுபோல ஒரு சாம்பல் இழுப்பு.

கல்யாணப் படம் எடுப்பது அவன் தொழில். மகள் போனதிலிருந்து காமிராப் பையைத் தொடவில்லை. அன்று காலை ஸ்டூடியோ முதலாளி போன் செய்திருந்தான். பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. உரிமையோடு திட்டுவான்.

“கல்யாணத்துக்கு வர வேணாம்டா, யார் மூஞ்சியையும் பாக்க வேணாம். கம்மி வெளிச்சத்துல போட்டோ எடுக்கறது எப்படின்னு புதுசா சேந்தவங்களுக்கு ஒரு பாடம் வேணும். வீட்டுலயே நாலு படம் எடுத்துக் குடு. நீ இப்படியே சுவத்த முறைச்சுக்கிட்டு இருந்தா சுவரே வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிடும்.”

அதனால்தான் பொழுது சாய்ந்ததும் கூடத்து விளக்குகளை அணைத்து, திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, முக்காலியில் காமிராவைப் பொருத்தியிருந்தான். வெளியே தெருவிளக்கின் மஞ்சள், சீலையின் இடுக்கு வழியாக ஒரு நூலளவு உள்ளே வந்தது. அது போதும். இருட்டில் காமிராவுக்குப் பொறுமைதான் வெளிச்சம் என்று அவன் புதியவர்களிடம் எப்போதும் சொல்வான். ஷட்டரை நெடுநேரம் திறந்து வை, கொஞ்சம் கொஞ்சமாக ஒளி வந்து சேரும். ஆனால் அந்த நேரத்தில் எது அசைந்தாலும் கலங்கிவிடும்.

நாற்காலியில் எதுவும் அசையவில்லை. நாற்காலியில் எதுவுமே இல்லை.

மின்விசிறியாக இருக்கும் என்று அதை நிறுத்தினான். முக்காலி ஆடியிருக்கும் என்று அதன் நடுத்தண்டை இறக்கி, காமிராப் பையையே கனத்துக்குத் தொங்கவிட்டான். விரல் பட்டால் அதிரும் என்பதால் தொலைவிலிருந்து இயக்கும் சின்னக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். அழுத்தினான். ஷட்டர் திறந்த சத்தம், உலர்ந்த உதடு பிரிவதுபோல, மெல்லக் கேட்டது.

காத்திருந்தான். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி முனகியது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மனைவி புரண்டு படுக்கும் ஓசை. இவை எல்லாவற்றுக்கும் அடியில், மிக மெதுவாக, பிரம்பு முறுகும் சத்தம் கேட்டது. சின்ன எடை ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறி உட்காரும்போது முறுகுமே, அப்படி.

ஷட்டர் மூடியது.

இந்த முறை கலங்கலுக்கு ஒரு விளிம்பு இருந்தது. கவுனின் ஓரம் மாதிரி. அதற்குக் கீழே, ஆடிக்கொண்டிருந்த இரண்டு கால்களின் தடம்.

அவன் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டான். பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தான். இல்லை. அந்தக் கலங்கலை அவனுக்குத் தெரியும். அவன் மகளின் எல்லாப் படங்களும் அப்படித்தான் இருந்தன.

வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். நின்ற இடத்தில் நிற்காத பிள்ளை. காமிராவைத் தூக்கினால் ஓடுவாள், இல்லையென்றால் லென்ஸை நக்க வருவாள். பாதி முகம், பறக்கும் சடை, சட்டத்துக்கு வெளியே போகும் ஒரு கை. “இன்னொரு நாள் நல்லா எடுத்துக்கலாம்” என்று அவன் ஒவ்வொரு தடவையும் பையை மூடிவிடுவான். காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வராமலே போனபோது, வீட்டில் மாட்டுவதற்கு முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தேடினார்கள். விடியும்போது மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

“ஊரான் வீட்டுப் புள்ளைங்களையெல்லாம் அழகழகா எடுத்தீங்க.”

அதற்குப் பிறகு அவள் அவனிடம் சரியாகப் பேசவில்லை.

இப்போது அவன் எழுந்து, டார்ச்சை எடுத்து நாற்காலிமேல் அடித்தான். இருட்டில் காமிரா தானாகக் கவனம் பிடிக்காது, தடுமாறும். வெளிச்சம் காட்டிப் பிடிக்க வைத்து, அப்படியே பூட்டிவிட வேண்டும். பூட்டினான். லென்ஸின் வாயை முழுக்கத் திறந்தான். படம் மணல் மணலாகப் பொரியக் கூடாது என்று காமிராவின் ஒளியுணர்வைக் குறைத்தான். இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

“வாலு,” என்றான். “அசையாம உக்காருடா தங்கம். கொஞ்ச நேரந்தான். அப்பா இந்தத் தடவ நல்லா எடுத்துடறேன்.”

டார்ச்சை அணைத்துக் கருவியை அழுத்தினான்.

முதலில் வந்தது வாசனை. மகளின் தலையில் எப்போதும் அடிக்கும் எண்ணெய் வாசனையை அவன் எதிர்பார்த்தான். வந்தது ஈரமண் வாசனை. மழையில்லாத நாளில், ஜன்னல் சாத்திய அறையில், ஆழமாகத் தோண்டிய இடத்திலிருந்து வரும் குளிர்ந்த மண்ணின் வாடை. பிரம்பு ஒரு முறை முறுகியது. பிறகு முறுகவில்லை.

அது சொன்ன பேச்சைக் கேட்டது.

அங்கேதான் அவன் முதல் தடவையாகப் பயந்தான். அவன் பிள்ளை ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை.

படம் வந்தது. தெளியத் தொடங்கியிருந்தது. தோள், கழுத்து, சடை. முகம் மட்டும் இன்னும் புகை. அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கதவு திறந்தது.

“யார்கூடப் பேசறீங்க?”

மனைவி. கலைந்த தலை, இரண்டு நாளாக மாற்றாத உடுப்பு. அவன் திரையை உள்ளங்கையால் மறைத்தான். அவள் கையை விலக்கினாள். பார்த்தாள்.

“லைட்டப் போட்டுடறேன்,” என்றான் அவன். “ஏதோ கோளாறு. லென்ஸ்ல ஈரம்.”

“போடாதீங்க.”

“இங்க பாரும்மா...”

“என்னங்க, உங்க கால்ல விழறேன். போடாதீங்க.”

அவள் மோடாவை இழுத்து நாற்காலிக்கு ஒட்டினாற்போலப் போட்டு உட்கார்ந்தாள். முடியைக் கோதிக்கொண்டாள். படம் எடுக்கப் போகும்போது எல்லாத் தாய்மார்களும் செய்வதுபோல, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தின் தலையையும் ஒருதரம் கோதிவிட்டாள். கோதிய கை பாதியில் நின்றது. ஏதோ தட்டுப்பட்ட மாதிரி. அவள் முகம் மலர்ந்தது.

“எடுங்க,” என்றாள்.

அவன் எடுத்தான். வேறு என்ன செய்ய முடியும்? அவள் சிரித்தே எத்தனை நாளாயிற்று. ஷட்டர் திறந்திருக்கும்போது சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, டார்ச்சை ஒருதரம் கண்சிமிட்டும் நேரத்துக்கு அவர்கள் பக்கம் வீசி அணைத்தான். முகத்தில் உயிர் வருவதற்காக அவன் செய்யும் வழக்கமான வேலை. வெளிச்சத்தில் மனைவி தெரிந்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

ஷட்டர் மூடியது. படம் வந்தது.

ஊசிமுனைத் துல்லியம்.

அவன் மகளின் கவுன். அவன் மகளின் சடை. முழங்கால்கள் நாற்காலிக்கு அதிகமாக உயர்ந்து, மார்போடு மடிந்திருந்தன. கைகள் மடியில் இல்லை. கைப்பிடியைத் தாண்டித் தொங்கி, தரையில் பரவிக் கிடந்தன. மனைவியின் கண்களில் டார்ச்சின் வெளிச்சம் இரண்டு பொட்டாக மின்னியது. பக்கத்தில் இருந்த கண்களில் எதுவும் மின்னவில்லை. இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்தில்கூட எல்லாக் கண்ணிலும் அந்தப் பொட்டு விழும். உயிருள்ள எதிலும் விழும்.

அது சிரித்துக்கொண்டிருந்தது. வாய் நிறையப் பல்.

வாலுவுக்கு முன்பல் விழுந்திருந்தது. காய்ச்சலுக்கு முந்தின வாரம்.

“காட்டுங்க,” என்றாள் மனைவி. அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவள் அலறுவாள் என்று காத்திருந்தான். அலறிவிட்டால் போதும், விளக்கைப் போட்டுவிடலாம், அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடலாம்.

அவள் திரையை விரலால் தடவினாள்.

“பல்லு முளைச்சிடுச்சு பாருங்க,” என்றாள். குரல் உடைந்தது. “எவ்ளோ வளந்துட்டா.”

“அது அவ இல்லம்மா.”

“தெரியும்,” என்றாள் அவள், மிக மெதுவாக. பிறகு, தெரியாதவள்போல, “அவதான்,” என்றாள். “இன்னொண்ணு எடுங்க. இந்தத் தடவ மூடவே மூடாதீங்க.”

போய் உட்கார்ந்துகொண்டாள்.

சுவிட்ச் அவன் தோளருகே இருந்தது. கையை உயர்த்தினான். விரல் அதைத் தொட்டது. இருட்டில் அவள் குரல் கேட்டது. பிள்ளையைத் தூங்கவைக்கும் குரல். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த குரல். அது திரும்பி வந்திருந்தது. அதை எப்படி அணைப்பது?

கையை இறக்கினான். கருவியை அழுத்தி, ஷட்டர் மூடாதபடி பூட்டினான்.

மண்வாடை கனத்தது. பக்கத்து வீட்டுச் சிரிப்பு நின்றது. குளிர்சாதனப் பெட்டி நின்றது. பிரம்பு முறுகியது. சின்ன எடையின் முறுகல் அல்ல அது.

திரைச்சீலை இடுக்கின் மஞ்சள் நூல் மனைவியின் கைமேல் விழுந்திருந்தது. அவள் உள்ளங்கையை விரித்து, நாற்காலியை நோக்கி நீட்டினாள்.

அவள் தோல் குழிந்தது. ஒரு விரல் அழுத்தும் இடம். பிறகு இன்னொன்று.

அவன் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

இன்னொன்று. மணிக்கட்டில். இன்னொன்று. ஒரு கையில் இருக்கக்கூடிய விரல்கள் முடிந்தும் குழிகள் நிற்கவில்லை. முழங்கையை எட்டின. தாண்டின. மெதுவாக, அவசரமே இல்லாமல், தோளை நோக்கி ஏறின.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காமிராவைப் பார்த்து, கண்ணீர் வழிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.