கிளாராவின் கூவல் பானை

சின்னமனூரில் மைக் செட் வாடகைக்கு விடும் ஆண்டனி ராஜுக்கு ஒரு சத்தம் மட்டும் அறவே பிடிக்காது. மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூஊஊ' என்று கிளம்புமே, அதுதான்.

அவர் மகள் கிளாராவுக்கோ அதன் மேல்தான் கொள்ளை ஆசை. ஒருநாள் மைக் ஒரு மண்பானைக்குள் விழுந்தபோது, அந்தக் கூவல் குழலோசை மாதிரி இதமாக வந்தது. அப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா?

எவர்சில்வர் குடத்தில் மைக்கை வைத்துப் பார்த்தாள். காதைக் கிழித்தது. மண்பானைக்கே திரும்பினாள். உள்ளே மைக்கைத் தொங்கவிட்டு, மேலே ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கம்பியில் கட்டினாள். பானை வாயைத் தட்டால் பாதி மூடினால் சத்தம் கீழே இறங்கியது. திறந்தால் மேலே ஏறியது. கூவல் பானை தயார்!

பள்ளியில் அறிவியல் கண்காட்சி நாள். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்ள அப்பாவும் வந்திருந்தார்.

கிளாரா தட்டை நகர்த்தினாள். "கூ..." என்று ஆரம்பித்த பானை சட்டென்று நின்றது. அப்பா வால்யூமைக் குறைத்திருந்தார்.

"அப்பா!"

"கூவிருச்சே ஆத்தா! டீச்சர் வேற பாக்குறாக!"

"கூவுறதுக்குத்தானப்பா செஞ்சதே!"

மறுபடியும் கூ. மறுபடியும் அப்பாவின் கை தானாகப் போய்க் குறைத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னும் ஒரே தடவைதான் கிளாரா," என்றார் ஜெயமேரி டீச்சர். "வரலைன்னா அடுத்த மேசைக்குப் போயிருவேன்."

கிளாராவுக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணா?

"பழகுன கை ஆத்தா, சொன்னா கேக்க மாட்டேங்குது. நான் வெளிய போயி நிக்கட்டா?" என்றார் அப்பா. அவர் முகம் சுருங்கியிருந்தது.

சரி என்று சொல்லியிருக்கலாம். கிளாராவுக்கு மனசு வரவில்லை. கம்பியிலிருந்து ஸ்பீக்கரை அவிழ்த்து அவரிடம் கொடுத்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடிங்கப்பா. கூவல் மீறிப்போனா தூக்கிருங்க. அடங்குனா இறக்குங்க."

அப்பா அப்படியே செய்தார். எந்த நொடியில் அது வீறிடும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? சரியாக அதற்கு முன்னால் தூக்கினார். பானை குழைந்து பாடியது. அவள் தட்டை நகர்த்த நகர்த்த, பள்ளியின் காலைப் பாட்டு தள்ளாடித் தள்ளாடி வந்தது. பிள்ளைகள் கூடவே பாடினார்கள். டீச்சர் அடுத்த மேசையை மறந்தே போனார்.

அடுத்த வாரம் கிளாராவும் கூடப் போயிருந்த ஒரு கல்யாண வீட்டில் அப்பாவின் மைக் கூவியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவின் கை வால்யூம் வரை போய் நின்றது.

"ஆத்தா, தட்ட முக்காவாசி தொறந்தா வருமே, அந்தச் சத்தந்தான இது?"

"ஆமாப்பா!"

அதற்குப் பிறகுதான் குறைத்தார்.