முன்னால் மிதிப்பவள்

பாலத்தின் ஏற்றத்தில் டீச்சருக்கு மூச்சு வாங்கவில்லை. அதுதான் டிரைவருக்கு முதலில் உறைத்தது.

காலையில் இதே பாலத்தை நடந்து கடந்தபோது அவள் நின்று நின்று வந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்ஹேலரை இழுத்தாள். "மெதுவா வாங்கம்மா, பாலம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சுற்றிக்காட்ட வந்த கைடு சிரித்தார். இப்போது இரட்டைச் சைக்கிளின் முன்சீட்டில் உட்கார்ந்து, பின்னால் கணவரான டிரைவரின் கனத்தையும் சேர்த்து மிதித்து மேலே ஏறுகிறாள். பேச்சில் ஓர் இடறல்கூட இல்லை.

"வலது பக்கம் ஒரு படகு நிக்குதுங்க. அதுல ஒருத்தர் உக்காந்திருக்காரு. இடது பக்கம் இன்னொரு படகு. அதுலயும் ஒருத்தர்."

"பரவாயில்லையே டீச்சர், மத்தியானச் சாப்பாடு நல்லா வேலை செய்யுது போல" என்றார் டிரைவர்.

சாதாரணமாக இதற்கு ஒரு சிரிப்பு வரும். கூடவே 'உங்க கனத்துக்கு ரெண்டு சாப்பாடு வேணும்' என்று ஒரு குத்தலும் வரும். ஒன்றும் வரவில்லை. மிதி மட்டும் ஒரே சீராகச் சுற்றியது.

கால் நூற்றாண்டு டவுன் பஸ் ஓட்டியவர் அவர். சர்க்கரை வியாதி முதலில் வலது கண்ணையும், பிறகு இடது கண்ணையும் தின்று தீர்த்தது. அன்றிலிருந்து அவருக்குக் கண் டீச்சர்தான். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே பழகிய வாய், பார்த்ததையெல்லாம் சொல்லிவிடும். சுவரில் ஏறும் பல்லியில் தொடங்கி எதிர்வீட்டில் புதிதாக அடித்த பெயின்ட் வரைக்கும் ஒன்றையும் விடாது. அவளுடைய சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடந்தார், உட்கார்ந்தார், படி இறங்கினார். "கண்ணு தெரியலேன்னா ஊர் சுத்தக் கூடாதா மாமா?" என்று மச்சினன்தான் வற்புறுத்தி இந்த ஆற்றங்கரை ஊருக்கு அனுப்பிவைத்தான். காலையில் நடைப்பயணம், மதியத்துக்குமேல் சைக்கிள் பயணம்.

சைக்கிள் கடைக்காரர் அவருடைய பாதங்களைப் பெடலோடு சேர்த்துப் பட்டையால் இறுக்கிக் கட்டினார். "சங்கிலி ஒண்ணா இணைஞ்சது சார். முன்னாடி மிதிச்சா பின்னாடியும் சுத்தும். கால் நழுவினா முட்டியில அடிச்சிடும்." பிரேக், மணி, திருப்பும் ஹேண்டில் எல்லாம் முன்சீட்டுக்கே. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள அசையாத ஒரு கம்பி. "ஸ்டியரிங் இல்லாத டிரைவர்" என்று டீச்சர் கேலி செய்தபோது அவருக்கும் சிரிப்புதான் வந்தது.

பாலம் இறங்கியது. சக்கரத்துக்கு அடியில் செங்கல் பதித்த தெரு கடகடத்தது.

அவர் மனம் பின்னோக்கி ஓடியது. கடைசியாக நின்றது பாழடைந்த மில்லின் பக்கத்தில். மதகிலிருந்து தண்ணீர் கொட்டும் இரைச்சலில் கைடு சொன்னது பாதி காதில் விழவில்லை. "ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன், அசையாம உக்காருங்க" என்று சொல்லி டீச்சர் இறங்கிப் போனாள். ஸ்டாண்டில் நின்ற சைக்கிளின் பின்சீட்டில், ஈரச் சுவரில் ஒரு கையை ஊன்றியபடி அவர் காத்திருந்தார். சற்று நேரத்தில் முன்சீட்டின் ஸ்பிரிங் முனகியது. ஸ்டாண்டு விடுபட்டது. "போலாங்களா?" "போலாம்." அவ்வளவுதான் நடந்தது. அதில் என்ன இருக்கிறது?

எங்கே போய்விட்டு வந்தாலும் அவள் முதலில் அவர் தோளைத் தொடுவாள். தொடவில்லை.

கைகளில் ஏதாவது வைத்திருந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் வாடை? காலையிலிருந்து அவள் நெஞ்சில் தடவிய தைலத்தின் காரம் காற்றோடு பின்னால் வந்துகொண்டே இருந்தது. இப்போது வருவது வேறு. ஊறவைத்து மறந்துபோய், மூடிய வாளிக்குள்ளேயே நாள்கணக்கில் கிடந்த துணியின் வாடை. அதற்கும் அடியில், தூர் வாரிய கிணற்றிலிருந்து மேலே வரும் கரிய சேற்றின் குளிர்ந்த வாடை.

"கைடு எங்க போறாரு? அவரோட மணிச் சத்தமே காணோமே."

"முன்னாடி போறாருங்க."

"மத்தவங்க?"

"எல்லாரும் முன்னாடிதான். நாமதான் கடைசி."

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு செயின் சத்தம்தான் கேட்டது. கூட வந்தவர்களின் அரட்டை இல்லை. ஓயாமல் தும்மிக்கொண்டே வந்த அந்தப் பெரியவரின் தும்மலும் இல்லை. சைக்கிள் எங்கோ திரும்பியது. அறைக்குத் திரும்பும் வழியாக இருந்தால் சாயங்கால வெயில் முதுகில் அடிக்க வேண்டும். அது அவர் முகத்தில் அடித்தது.

"இன்ஹேலரைக் கையிலயே வச்சிருக்கியா?" என்றார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அதெல்லாம் இனிமே வேண்டாங்க."

அவர் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கம்பி வழுக்கியது.

"இடது பக்கம் ஒரு வீடு" என்றது அவள் குரல். "ஜன்னல்ல ஒருத்தர் நிக்கிறாரு. வலது பக்கம் ஒரு வீடு. வாசல்ல ரெண்டு பேரு. பக்கத்துல இன்னொரு வீடு. அங்க குழந்தைங்க."

டீச்சர் இப்படிச் சொல்ல மாட்டாள். அவள் சொல்லும் வீட்டுக்கு நிறம் இருக்கும். கொடியில் காயும் துணி இருக்கும். 'அந்தம்மா மூஞ்சியப் பாருங்களேன், புருஷன் கூட சண்டை போல' என்று ஒரு கதையும் இருக்கும்.

அதைவிட மோசமான ஒன்று அவருக்கு மெல்லப் புரிந்தது. கண் போனபின் அவர் காது சுவர்களைக் கற்றுக்கொண்டிருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் வீடு இருந்தால் சக்கரத்தின் சத்தம் போய் மோதித் திரும்பி வரும்; சந்து வந்தால் ஒரு பொத்தல் விழும். இங்கே எதுவும் திரும்பி வரவில்லை. இடது பக்கம் வெட்டவெளி. வலது பக்கம் வெட்டவெளி. காற்று தடையில்லாமல் அடித்தது. இரண்டு பக்கமும், மிக அருகில், கல்லில் தண்ணீர் சளப் சளப்பென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வீடு எங்க இருக்கு?" என்றார்.

"இதோ இருக்குங்க. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. உங்களைத்தான் பாக்குறாங்க."

அவர் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். நீட்டினார். விரல்கள் கம்பளிச் சட்டையைத் தொட்டன. டீச்சர் இந்தப் பயணத்துக்காகவே எடுத்த சட்டைதான், அதே புடைப்புப் பின்னல். ஆனால் தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளங்கையை அப்படியே முதுகில் வைத்து அழுத்தினார். மிதிக்கிற ஒருவரின் முதுகு விரியும், சுருங்கும். இது அசையவில்லை. அழுத்திய இடம் கொஞ்சம் உள்ளே போனது. திரும்ப எழவில்லை.

கையை இழுத்துக்கொண்டார். விரல்களுக்கு நடுவே மாவு போல் நைஸான சேறு.

"கையை எடுக்காதீங்க" என்றது முன்சீட்டு. "விழுந்துடுவீங்க."

"வண்டியை நிறுத்து."

"இதோ வந்துடுச்சுங்க."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

அவர் வலது கால் தானாகக் கீழே அழுத்தியது. கால் நூற்றாண்டு பழகிய கால். ஆபத்து என்றால் அதற்குத் தெரிந்தது பிரேக் ஒன்றுதான். பெடல் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. மறுபடி கீழே. மறுபடி மேலே. அவர் எதிர்த்து மிதித்தார். முட்டி நெரிந்ததே தவிர வேகம் மாறவில்லை. குனிந்து பட்டையைத் தேடினார். பாதம் கைக்கு அகப்பட்டது, நழுவியது, அகப்பட்டது, நழுவியது. முழு உடம்பையும் பக்கவாட்டில் சாய்த்தார். விழுந்தால் போதும். எலும்பு முறிந்தாலும் போதும். சைக்கிள் சாயவில்லை. தண்டவாளத்தில் போவதுபோல் நிமிர்ந்தே போனது.

"கைடு! யாராவது இருக்கீங்களா! யாராவது வாங்க!"

பதில் வந்தது. பின்னாலிருந்து, வெகு தூரத்திலிருந்து.

"என்னங்க... நில்லுங்க... என்னங்க!"

டீச்சரின் குரல். ஓடி வருகிறாள். வார்த்தைக்கு வார்த்தை இழுப்பு கிழிகிறது. அந்த மூச்சை அவருக்குத் தெரியும். எத்தனையோ ராத்திரி பக்கத்தில் படுத்து அந்த மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறார்.

"யாருங்க அது... யாரு கூட... போறீங்க... குதிங்க... குதிச்சிடுங்க!"

"கால் கட்டியிருக்குடி!" என்று கத்தினார். "என்னால முடியலடி!"

"இங்கதானங்க இருக்கேன்" என்றது முன்னாலிருந்து அதே குரல். "யாரைக் கூப்பிடறீங்க?"

பின்னால் கைடின் விசில் அலறியது. பல கால்கள் ஓடும் சத்தம். யாரோ "படித்துறை, படித்துறைப் பக்கம்!" என்று கூவினார்கள். எல்லாமே தூரத்தில். எல்லாமே பின்னால்.

தரை சரிந்தது.

சக்கரத்தின் கடகடப்பு நின்றது. அந்த இடத்தில் ஒரு சீறல். பிறகு அதுவும் அடங்கியது. பாதத்தில் குளிர். பெடல் காலைக் குளிருக்குள் இறக்கியது, வெளியே எடுத்தது, இறக்கியது. பிறகு எடுக்கவே இல்லை. முட்டி. தொடை. தண்ணீருக்குள்ளேயும் மிதி அதே சீரில் சுற்றியது. சக்கரம் எதையோ பிடித்துக்கொண்டு போனது. கீழே தெரு இருப்பதுபோல.

"இடது பக்கம் ஒரு வீடு" என்றது குரல். "ஒரு அம்மா கதவைத் திறந்து வச்சிட்டு நிக்கிறாங்க. வலது பக்கம் நம்ம வீடு."

"வேண்டாம்" என்றார் அவர். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. இடுப்பு. நெஞ்சு. கம்பளிச் சட்டையின் முதுகு அவருக்கு முன்னால் அமிழ்ந்தது. நெஞ்சில் வந்து முட்டிய சிற்றலையில் தெரிந்தது. கரையில் டீச்சர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மூச்சு தீர்ந்து, நின்று, மறுபடி கூப்பிட்டாள்.

தண்ணீர் தாடையைத் தொட்டது. சேற்று ருசி. அவர் கழுத்தை நீட்டி முகத்தை வானத்துக்குத் தூக்கினார். நெற்றியில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது.

"தலையைக் குனிஞ்சுக்கோங்க" என்றது டீச்சரின் குரல், பொறுமையாக, அத்தனை அக்கறையோடு. "வாசல் தாழ்வா இருக்கு."

கண் போன நாளிலிருந்து அந்தக் குரல் சொன்ன பக்கமெல்லாம் வளைந்து பழகிய கழுத்து அது. கூடாது, கூடாது என்று அவர் மனம் கதறிக்கொண்டிருக்கும்போதே, அது பணிவாகக் குனிந்தது.